பிஞ்சு பிடிக்காத பரங்கி

முத்தாபுதுப்பேட்டை,
3-12-1967

அன்புள்ள தம்பி நாகேந்திரனுக்கு,

பக்கத்து வீட்டு டீச்சர் கஸ்தூரி எழுதுவது. பதான்கோட்டில் இப்போது குளிர் கடுமையாக இருக்கும். பட்டாளத்து வேலையில் உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிடாதே. கையெழுத்தைப் பார்த்ததும், வழக்கம்போல் உன் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது என்று நினைத்திருப்பாய். இது நானாக எழுதுவது. அவருக்குத் தெரியாது.

இங்கே நல்ல மழை. ஏரி நிரம்பிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

சென்ற மாதக் கடிதத்தில், உன் பெண்டாட்டி வடிவு ராசியில்லாதவள், அவளைத் திருநின்றவூருக்குத் தாய் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன், நீ லீவில் வந்தாலும் அங்கே போகாதே என்று இருந்தது. சொன்னது உன் அம்மா. எழுதியது நான். பிறர் சொல்வதில் என் கருத்தைக் கலக்கக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, பிழையில்லாமல் எழுதித் தபாலில் சேர்த்தேன். காரணத்தை மட்டும் எழுதவில்லை. ஓர் ஆண்பிள்ளைக்கு அதை எழுதக் கூச்சமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

பொங்கல் விற்பனைக்கென்று உங்கள் கொல்லையில் போட்ட பரங்கி நன்றாகப் படர்ந்து பூத்தது. ஆனால் ஒன்றுகூடப் பிஞ்சு பிடிக்கவில்லை. பூக்களெல்லாம் வாடி உதிர்ந்தன. மாதவிலக்கு நாளில் வடிவு கொடிக்குள் போனதுதான் காரணம் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். "தூரமா கீறவ வெளிய குந்தாம கொடிக்குள்ள பூந்தா எப்டி டீச்சரம்மா காய்க்கும்?" என்றார். ஆடு புகுந்தது, ஓட்டப் போனேன் என்றாள் வடிவு. "ஆடு தின்னா ஒரு கொடி போவும். நீ போயி கொல்லையே போச்சே" என்று அம்மா அவள் வாயை அடைத்துவிட்டார். தீட்டால் பூ உதிராது என்று எனக்கு அப்போதே தெரியும். நம்பாமலேதான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

அதைவிட மோசமானது, அவள் போன பிறகு எனக்குத் தெரியவந்தது. பரங்கி இலையைச் சிவப்பு வண்டு தின்கிறதென்று அம்மா சாம்பல் தூவிக்கொண்டிருந்தார். இந்தக் காலத்திலும் சாம்பலா என்று சிரித்தவள் நான். ஆவடியிலிருந்து பூச்சி மருந்துத் தூள் வாங்கிவந்து கொடுத்து, விடியற்காலைப் பனியில் தூவினால் நன்றாக ஒட்டும் என்று சொன்னதும் நான்தான். வண்டுகள் செத்தன. பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். அதற்குள் ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ பெண் பூவுக்குக் கொண்டுபோனால்தான் காய். ஒரு நாள் குனிந்து பார்த்தபோது, தூள் படிந்த பூக்களுக்குள்ளேயே தேனீக்கள் செத்துக் கிடந்தன. நான் தாவரவியல் படித்தவள். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிற பாடம்தான் இது. வேலிக்கு அந்தப் பக்கம் நடந்தபோது எனக்கு உறைக்கவில்லை.

அம்மாவிடம் உடனே போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "உனுக்கு எளகின மனசு. அந்தப் பொண்ணு ஊட்டுக்கு வரணும்னு பழிய நீ தூக்கிக்கினு கீற" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

செய்தே காட்டிவிடலாம் என்று, மருந்து தூவுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, தினமும் காலையில் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவினேன். சில நாளில் பிஞ்சு பிடித்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "நான் இன்னா சொன்னேன்? அவ போனா, காய்ச்சிச்சு பாரு" என்றார். தெரு முழுக்க இப்போது அதே பேச்சு. நான் காய்க்க வைத்ததெல்லாம் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூர் போயிருந்தேன். வடிவு இளைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் நான் உள்ள போனது நெசந்தானே டீச்சரம்மா" என்றாள். அவளும் அதை நம்பத் தொடங்கிவிட்டாள். உனக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். "வாணாம். நீ எழுதனதே போதும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

தம்பி, அவர்கள் இருவரிடமும் என் பேச்சு எடுபடவில்லை. உன் பேச்சைக் கேட்பார்கள். பொங்கலுக்கு எப்படியாவது லீவு கேள். நேரே திருநின்றவூர் போய் அவளை அழைத்துக்கொண்டு, பிறகு வீட்டுக்கு வா. அதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு கடிதம் போடு. அதை நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். அதற்காக என்னைப் பற்றி எழுத வேண்டியதை எழுதாமல் விடாதே. ஒரு வரி விடாமல், குரலைத் தாழ்த்தாமல் படிப்பேன்.

நீயும் அவளும் ஒரே வீட்டில் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கஸ்தூரி