கல்லும் நலம்

மார்ச் 4

அன்புள்ள கல்லுக்காரிக்கு,

நான் நலம். நீயும் உன் ஜப்பான் தீட்டுக்கல்லும் நலமா? முதலில் உன்னைத்தான் விசாரித்திருக்கிறேன், கவனித்துக்கொள். போன தடவை கல்லை முதலில் கேட்டுவிட்டேன் என்று ஒரு பக்கம் முழுக்கக் கோபித்துக்கொண்டாய்.

வழக்கம்போல பிஸ்கட் டப்பாவில் மூன்று சவரக் கத்திகள் வருகின்றன. கடையில் கூட்டம் தாங்கவில்லை. மூன்றும் உழைத்து உழைத்து மொண்ணையாகிவிட்டன. தாடைக்குக் கீழே மச்சம் வைத்திருக்கிறாரே, அந்த மச்சக்காரர் நேற்றும் வந்தார். "உங்க வீட்டம்மா தீட்டின கத்தி இருக்கா? இருந்தா உக்கார்றேன், இல்லேன்னா நாளைக்கு வர்றேன்" என்கிறார். என் கைக்கு ஒரு மரியாதையும் இல்லை, பேரெல்லாம் உனக்குத்தான்.

இந்தக் கடிதத்தையும் அறையில் கூட இருக்கும் தையற்காரர்தான் எழுதித் தருகிறார். நாள் முழுக்கக் கத்தி பிடித்த கைக்குப் பேனா பிடிக்க அலுப்பாக இருக்கிறது. என் கோழிக் கிறுக்கலுக்கு இது எவ்வளவோ தேவலைதானே? (தேவலை என்று எழுதுகிறவனும் ஒப்புக்கொள்கிறேன், தங்கச்சி.)

சொல்லத் தயங்கினதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த வருஷமும் வர முடியாது. முதலாளி இரண்டாவது நாற்காலியையும் என் பொறுப்பில் விடப் போகிறார். விட்டதும் உன்னை அழைத்துக்கொள்வேன். ஜன்னல் ஓரத்தில் உனக்கு ஒரு மேஜை, அதன்மேல் உன் கல். இடத்தைக்கூடப் பார்த்து வைத்துவிட்டேன். ஆறு வருஷம் பொறுத்தவள், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 27

அன்புள்ள உங்களுக்கு,

கடிதமும் டப்பாவும் கிடைத்தன. நான் நலம். கல்லும் நலம்.

இந்த வருஷமும் இல்லை என்பதைப் படித்தேன். ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? பக்கத்து வீட்டு நர்ஸ், "என்னக்கா, இந்த வாட்டியாவது வர்றாரா?" என்று கேட்டாள். "வேலை அதிகம்" என்றேன். "அதிகமா இருந்தா நல்லதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்லதுதான்.

மூன்றையும் தீட்டி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை மச்சக்காரர் கழுத்தில் எப்படி ஓடுகிறது என்று மறக்காமல் எழுதுங்கள். கொஞ்சம் இழுத்தாலும் எழுதுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். முதல் வருஷம் ஒரு கத்தி மோவாயில் ஒரே ஒரு முடியை இழுத்துவிட்டது என்று நாலு பக்கம் திட்டினீர்களே, அப்படித் திட்டினாலும் சரி.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தையல் அண்ணனுக்கு என் வணக்கம்.

உங்கள் கல்லுக்காரி


ஏப்ரல் 17

அன்புள்ள கல்லுக்காரிக்கு,

நலம். திட்டுவதா? யாரை? உன்னையா? மச்சக்காரர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். குறட்டை வேறு. மச்சத்தைச் சுற்றி வளைத்து வந்தபோதுகூட ஆள் அசையவில்லை. எழுந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்கிறார். அந்தக் கல்லின் குளுமை கத்தியில் அப்படியே இறங்கியிருக்கிறது. வேறு எந்தக் கல்லுக்கும் இது வராது.

மூன்று கத்திகளையும் மறுபடி அனுப்புகிறேன். நாற்காலி விஷயம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. நடந்துவிடும்.

உன் வீட்டுக்காரன்


மே 5

அன்புள்ள உங்களுக்கு,

நலம். டப்பா வருகிறது. இந்த முறை கத்திகளைக் கொஞ்சம் வேறு விதமாகச் செய்திருக்கிறேன். என்ன வேறு என்று சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள். உங்களுக்கு முதல் இழுப்பிலேயே தெரிந்துவிடும்.

தெரிந்ததை அப்படியே எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் கல்லுக்காரி


மே 24

அன்புள்ள கல்லுக்காரிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! குட்டிக்கல்லை வழக்கத்தைவிட அதிக நேரம் கல்மேல் தேய்த்து, கல் கரைந்து வரும் பாலைக் கெட்டியாக எழுப்பி, அதில் தீட்டியிருக்கிறாய். சரிதானே? என்னிடமா உன் வித்தை? இந்த ஆறு வருஷத்தில் இப்படி ஒரு கத்தி வந்ததே இல்லை. நுரையை வழிப்பதுபோல முடி வழிந்துகொண்டு வருகிறது. பக்கத்துக் கடைக்காரன் வந்து கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

மூன்றும் திரும்ப வருகின்றன. இதேபோலவே செய்து அனுப்பு.

உன் வீட்டுக்காரன்

(எனக்குக் கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது, தங்கச்சி. சொன்னதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.)


ஜூன் 11

உங்களுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை.

முதலில் என் குற்றத்தைச் சொல்கிறேன். மார்ச்சில் உங்கள் கடிதம் வந்தபோது கல்லைக் கழுவுவதற்காகத் தண்ணீர்த் தொட்டியில் வைத்திருந்தேன். தபால்காரர் கூப்பிட்டார். வாசலில் நின்றபடியே பிரித்தேன். இந்த வருஷமும் வர முடியாது என்ற வரிக்கு அப்புறம் எனக்குக் கல் ஞாபகம் இல்லை. மறுநாள் காலை பல் தேய்க்கப் போனபோதுதான் பார்த்தேன். அதுவரை தண்ணீருக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

தொழிற்சாலையில் செய்த கல்லை ஊற வைக்கலாம். இது மலையில் வெட்டி எடுத்தது, அடுக்கு அடுக்காக இருப்பது, மேலே நாலு சொட்டுத் தண்ணீர் போதும், பக்கவாட்டில் நீர் இறங்கினால் அடுக்கு பிரிந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? பக்கங்களில் பூசியிருந்த அரக்கு உரிந்து வருஷம் ஆயிற்று. பூச வேண்டும், பூச வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். தூக்கினேன். மேல் பாதி என் கையோடு வந்தது. கீழ்ப் பாதி தொட்டியிலேயே இருந்தது.

கல்யாணமான முதல் மாதம், கப்பலில் வேலை பார்த்த வாடிக்கையாளரிடம் உங்கள் ரேடியோவைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்து என் மடியில் வைத்த கல். "உனக்குத்தான் கை வருது, நீயே தீட்டு" என்றீர்கள். அதை உடைத்துவிட்டேன் என்று எப்படி எழுதுவேன்? கல்லும் நலம் என்று எழுதினேன்.

மார்ச்சில் வந்த மூன்று கத்திகளும் கடையில் வாங்கின சாதாரணக் கல்லில் தீட்டியவை. என் கையில் ஓட்டிப் பார்த்தேன். எரிந்தது. நிச்சயம் திட்டுவீர்கள், அப்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சக்காரர் தூங்கிவிட்டார் என்று எழுதினீர்கள்.

மே மாதம் அனுப்பியதை நான் தீட்டவே இல்லை. டப்பாவைத் திறந்தேன், மூன்று கத்திக்கும் எண்ணெய் தடவினேன், மூடினேன். நீங்கள் அனுப்பின அதே மொண்ணைக் கத்தி. அதற்குத்தான் குட்டிக்கல், கெட்டிப் பால், பக்கத்துக் கடைக்காரன் என்று ஒரு பக்கம்.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன். முகத்தில் ஓடித் தேய்ந்த கத்தி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. முனையில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி தேய்ந்திருக்கும். இவற்றில் அடியிலிருந்து முனை வரை ஒரே வெள்ளைக் கோடு. போன வருஷமே இதைப் பார்த்தேன். என் கண்தான் மங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அது முகத்தில் ஓடின தேய்மானம் இல்லை. வேண்டுமென்றே எதன்மேலோ இழுத்து மழுக்கியிருக்கிறீர்கள்.

ஒரு கத்திக்கு இரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்கிறேன். தோள் விட்டுப் போகிறது. எங்கேயோ ஒரு மனிதர் என் கத்தியால் எரிச்சலில்லாமல் முகம் கழுவுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு இருந்ததே அந்த ஒரு நினைப்புத்தான். யார் கழுத்திலும் அவை படவில்லையா? எத்தனை நாளாக? உங்களுக்கு என்ன ஆயிற்று?

உங்கள் மனைவி


ஜூலை 2

அன்புள்ள உனக்கு,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். இனி மறைக்க ஒன்றுமில்லை.

போன வருஷம் மே மாதம் வலது கையில் நடுக்கம் தொடங்கியது. முதலில் தூக்கமில்லாததால் என்று நினைத்தேன். டீயைச் சிந்தினேன். சட்டைப் பொத்தான் போட நேரம் ஆயிற்று. கத்தி பிடித்தால் மட்டும் அடங்கும். அதை நம்பித்தான் மச்சக்காரரை உட்கார வைத்தேன். மச்சத்தை வெட்டிவிட்டேன். ரத்தம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த மனிதர் டவலை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அப்புறம் வரவே இல்லை.

முதலாளி நல்லவர். விரட்டவில்லை. நாற்காலியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு என்னைப் பின்கட்டுக்கு அனுப்பினார். டவல் துவைக்கிறேன், கீழே விழும் முடியைக் கூட்டுகிறேன். இது போகாது, ஏறிக்கொண்டேதான் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாவது நாற்காலி, ஜன்னல் ஓரத்து மேஜை, எல்லாம் நான் வாயால் கட்டினது.

நீ தீட்டின கத்தியை அப்படியே திருப்பி அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவாய். அதனால் டீ குடிக்கிற கண்ணாடி டம்ளரின் விளிம்பில் நாலு இழுப்பு இழுத்து மழுக்குவேன். அந்தக் கிறீச்சென்ற சத்தத்துக்குத் தையற்காரர் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் கத்தி வராவிட்டால் நீ எனக்கு என்ன எழுதுவாய்? ஆறு வருஷமாக நமக்குள் கத்தியை விட்டால் வேறு பேச்சு ஏது?

கல் போனால் போகட்டும். நீ அழாதே.

உன் வீட்டுக்காரன்

(நான் அன்றே வேண்டாம் என்றேன், தங்கச்சி. கேட்கவில்லை. எழுதினவன் என்ற முறையில் எனக்கும் பங்கு உண்டு. மன்னித்துக்கொள்.)


ஜூலை 21

அன்புள்ள உங்களுக்கு,

தையல் அண்ணன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சொல்லுங்கள்.

உங்கள்மேல் இருக்கிறது. கை நடுங்குகிறது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் மறுநாளே ரயில் ஏறியிருப்பேன். நடுங்கும் கையோடு மச்சக்காரரை உட்கார வைக்கும் தைரியம் உங்களுக்கு இருந்தது, எனக்கு ஒரு வரி எழுத இல்லை. கத்தியை விட்டால் பேச்சு ஏது என்கிறீர்கள். நான் கூரை ஒழுகுவதை எழுதினேன், நர்ஸ் கேட்டதை எழுதினேன், எனக்குக் காய்ச்சல் வந்ததை எழுதினேன். நீங்கள்தான் கத்தியை மட்டும் படித்தீர்கள்.

போகட்டும். நேராகக் கேட்கிறேன். நீங்கள் இங்கே வருகிறீர்களா, நான் அங்கே வரட்டுமா? நாற்காலியும் வேண்டாம், மேஜையும் வேண்டாம். டவலை இரண்டு பேருமாகத் துவைக்கலாம்.

இதற்குப் பதிலை மட்டும் அண்ணன் எழுத வேண்டாம். கோணலோ மாணலோ, உங்கள் கையால் எழுதுங்கள். கத்திகள் என்னிடமே இருக்கின்றன. டப்பாவுக்குக் காத்திருக்கவில்லை, கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் கல்லுக்காரி


ஆகஸ்ட் 29

வர மாட்டேன்.
நீயும் வராதே.
என்னைப் பார்க்காதே.
கத்தியை வைத்துக்கொள்.


செப்டம்பர் 20

அன்புள்ள உங்களுக்கு,

நாலு வரியும் கிடைத்தன. உங்கள் கையெழுத்தைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதலில் யாரோ குழந்தை எழுதினது என்று நினைத்துவிட்டேன். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் பேனா அழுந்தின இடமெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு நேரம் எழுதினீர்களோ.

பெட்டி கட்டினேன். வராதே என்று மட்டும் எழுதியிருந்தால் கிளம்பியிருப்பேன், என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். பார்க்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வாசலில் வந்து நிற்க எனக்குத் தெம்பு இல்லை. இரண்டு நாள் அப்படியே வைத்திருந்துவிட்டு அவிழ்த்து மடித்து வைத்தேன்.

அப்புறம் கல்லை எடுத்தேன். மேல் பாதியைப் பலகையில் ஒட்டினேன். பக்கங்களில் பூச அரக்குக் கிடைக்கவில்லை, நர்ஸ் அவளுடைய நகப்பூச்சைக் கொடுத்தாள். ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு. பார்த்தால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். குட்டிக்கல்லைத் தேய்த்ததும் பால் எழும்பியது. பாதிக் கல்லிலும் எழும்பத்தான் செய்கிறது. மூன்று நாள் உட்கார்ந்து மூன்று கத்தியையும் தீட்டினேன்.

கடைத்தெரு முனையில் இருக்கும் சலூனுக்குக் கொண்டுபோனேன். அந்த ஆள் ஒன்றை வாங்கித் தோல் வாரில் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு, உட்கார்ந்திருந்தவர் கழுத்தில் வைத்தார். காதுக்குக் கீழிருந்து மோவாய் வரை ஒரே இழுப்பு. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் முடிந்தது. கத்தியைத் துடைத்தார். "அடுத்தவர் வாங்க" என்றார்.

நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் கடிதங்களில் ஒரு வருஷமாகப் படித்த பாராட்டெல்லாம் ஞாபகம் வந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். அந்த ஆள் என்ன நினைத்தாரோ, ஒரு டவலை எடுத்து நீட்டினார்.

மூன்று கத்திகளையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. பிஸ்கட் டப்பாவில் பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன், இனி அது பயணம் போகாது. உங்கள்மேல் கோபம் இருந்த வரைக்கும் என்றாவது ஒரு நாள் நேரில் கேட்டுவிடலாம் என்று இருந்தது. இப்போது கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. அதனால் இதற்குப் பதில் எழுத வேண்டாம். உங்கள் கையாலும் வேண்டாம், அண்ணன் கையாலும் வேண்டாம்.

காலையில் கையைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்தால் இதமாக இருக்கும் என்று நர்ஸ் சொல்கிறாள். முகத்தை அண்ணனிடம் சொல்லி மழித்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் சாதாரண பிளேடே போதும். தாடியோடு மட்டும் இருக்காதீர்கள். உங்களுக்கு அது ஒருநாளும் நன்றாக இருந்ததில்லை.

இப்படிக்கு,
நான்