என் கணவரின் அட்டையில் ஒரு தேதி எழுதித் தரக் கோரி

அனுப்புநர்:
திருமதி காளியம்மா ஐயாசாமி (வயது 74),
ரெங்கம், ஜொகூர்.

பெறுநர்:
டாக்டர் திருச்செல்வம் அவர்கள்,
தலைவர், சிறுநீரியல் பிரிவு,
ஸ்ரீ மெலோர் மருத்துவமனை, ஜொகூர்.

பொருள்: ஹார்மோன் ஊசி நிறுத்தப்பட்ட என் கணவர் திரு. ஐயாசாமிக்கு (வயது 80) நேரில் விளக்கம் அளிக்கவும், அடுத்த இரத்தப் பரிசோதனைத் தேதியை எழுதித் தரவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா,

வணக்கம். வாசல் பலகையில் தங்கள் பெயரைப் பார்த்ததால் தமிழிலேயே எழுதத் துணிந்தேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. புரோஸ்டேட் புற்றுநோய்க்காக என் கணவருக்குத் தங்கள் மருத்துவமனையில் எட்டு ஆண்டுகளாக, மூன்று மாதத்திற்கு ஒரு முறை ஹார்மோன் ஊசி போட்டு வந்தார்கள். ஒரு தவணையும் அவர் தவறவிட்டதில்லை. பத்து மணிக்கு வரச் சொன்னால் ஏழரைக்கே வந்து உட்கார்ந்திருப்பார். நோய் அடங்கியிருப்பது அந்த ஊசியால்தான். அந்த நன்றியை மறந்து இம்மனுவை எழுதவில்லை.

2. கடந்த மார்ச் 14ஆம் தேதி அங்கிருந்த இளம் டாக்டர், ஊசி இனி வேண்டாம் என்று முடிவு செய்தார். இத்தனை ஆண்டு போட்ட பிறகு நிறுத்தினாலும் அதன் வேலை உடம்பில் நெடுநாள் இருக்கும், இந்த வயதில் பலருக்கு நோயை வளர்க்கும் ஹார்மோன் மறுபடி ஊறுவதே இல்லை, ஆறு மாதத்திற்கு ஒரு முறை இரத்தம் பார்த்தால் போதும், தேவைப்பட்டால் ஊசியை மீண்டும் தொடங்கலாம் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். ஆனால் விளக்கியது என்னிடம். என் கணவர் அப்போது கழிப்பறைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவரிடம், “அங்கிள், நோ மோர் ஊசி, ஓகே லா” என்று சிரித்தபடி சொன்னதோடு சரி. பிறகு தாதி, ஊசித் தேதி எழுதும் அவருடைய அட்டையில் மிச்சமிருந்த கட்டங்களின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

3. ஐயா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவரா என்று எனக்குத் தெரியாது. அங்கே வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். செக்ரோல் பதிவேட்டில் ஒருவர் பெயர் மேல் கணக்கெழுதும் கிராணி சிவப்புக் கோடு போட்டால் அவருக்கு வேலை இல்லை, குடியிருக்கும் வீடும் இல்லை. நாற்பத்தொரு ஆண்டு பால்மரம் வெட்டியவர் அந்தக் கோட்டை வேறெப்படிப் படிப்பார்? பேருந்தில் ஏறியதும், “பேர வெட்டிட்டாங்க காளி. இனி நமக்குச் செலவழிச்சிப் பிரயோசனம் இல்லன்னு தெரிஞ்சிருச்சி போல” என்றார். டாக்டர் விளக்கியதை நான் எடுத்துச் சொன்னாலும், ஆறுதலுக்குச் சொல்வதாகவே நினைக்கிறார்.

4. பழைய முறைப்படி ஊசி நாளான ஜூன் 13ஆம் தேதியும், செப்டம்பர் 12ஆம் தேதியும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தனியாகவே புறப்பட்டு வந்தார். ஒருவேளை பெயர் கூப்பிடுவார்களோ என்று மதியம் வரை நாற்காலியில் இருந்திருக்கிறார். அவரை யாரும் விரட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. இரத்தப் பரிசோதனைத் தேதி கைப்பேசிக்கு வரும் என்றார்கள். தங்கள் கோப்பில் உள்ளது தெப்ராவில் இருக்கும் எங்கள் மகள் சாந்தினியின் பழைய எண். ஆறு மாதம் கடந்தும் எங்களுக்குத் தேதி வரவில்லை.

5. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று அவர் வெளியே போன நேரம் பார்த்து, ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தவள் நான்தான். உடம்பில் நெருப்பு ஏறியதுபோல் சட்டை நனைய வேர்ப்பதையும், இரண்டு முறை விழுந்து மணிக்கட்டு முறிந்ததையும் அவர் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. வெட்கம். நான் சொல்லி, இந்த ஊசி இன்னும் வேண்டுமா என்று கேட்டேன். கேட்டது தவறென்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் ஐம்பத்திரண்டு ஆண்டு கூட வாழ்ந்தவரிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

6. இப்போது அவர் வீட்டில் ஒவ்வொன்றாக ஒப்படைத்து வருகிறார். மரண சகாய நிதி அட்டை இருக்கும் இடத்தைக் காட்டினார். சமையல் கேஸ் தோம்பு மாற்றக் கற்றுத் தருகிறார். “நாளைக்கு நீ தனியா மாத்தணும்ல” என்கிறார். முதல் நாளே எனக்குப் பிடிபட்டுவிட்டது, ஐயா. கற்றுக்கொண்டேன் என்று தெரிந்தால் தம் வேலை முடிந்ததென்று நினைத்துவிடுவாரே என்று, மூன்று மாதமாகத் தப்பாகவே திருகிக்கொண்டிருக்கிறேன். “இத்தன வருசமா சோறாக்குற, இதுகூடத் தெரியலயே” என்று திட்டு வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை.

எனவே, ஊசியை மீண்டும் போடுமாறு நான் கேட்கவில்லை. அவரை ஒரு முறை பெயர் சொல்லி உள்ளே அழைத்து, கைவிட்டதால் நிறுத்தவில்லை, இனி தேவைப்படாததால் நிறுத்தினோம் என்று தமிழில் சொல்ல வேண்டுகிறேன். பேச்செடுத்தது யார் என்பதை நானே சொல்லிக்கொள்கிறேன். கோப்பில் உள்ள கைப்பேசி எண்ணையும், இத்துடன் இணைத்துள்ள எண்ணுக்கு மாற்றித் தரவும். புதிய அட்டை ஒன்றில் அடுத்த பரிசோதனைத் தேதியைத் தங்கள் கையால் எழுதித் தந்தால் போதும். தேதி கொடுத்தால் தவறவிடாத மனிதர் அவர்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) காளியம்மா

இடம்: ரெங்கம்
தேதி: 18.9.2024