எட்டுத்தானே என்று கேட்டீர்கள்

ராத்தா,

இன்று காலை நம் கணினிச் சேர்வர்ப் பெட்டியின் விசிறி மறுபடியும் இரைந்தது. தேநீரை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீங்கள் போன பிறகு அந்தப் பெட்டி இருமினாலே செய்வதை விட்டுவிட்டுக் காது கொடுக்கிறேன்.

காத்தான்குடி மருந்துக்கடைக்கு மேலே அதே அறைதான். கடைகள் கையிருப்புப் பட்டியலை அனுப்புகின்றன. சனம் போனில் மருந்தின் பெயரைத் தேடினால், எந்தக் கடையில் இருக்கிறது என்று சேர்வர் சொல்கிறது. தட்டுப்பாடு வந்த நாள் முதல் ஓட்டமாவடியிலிருந்து தேற்றாத்தீவு வரை அதை நம்பித்தான் வீட்டைவிட்டு இறங்குகிறார்கள். வலிப்பு மருந்து தேடும் ஒரு தாய்க்கு நாம் ஒரு நிமிடம் ஊமையாக இருந்தால், எங்குமே இல்லை என்று நினைத்துவிடுவாள். நீங்கள் எனக்குக் கூடப்பிறக்காத அக்கா; அந்தப் பயம் நம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. இப்போது முழுவதும் எனக்கு.

நாம் ஒன்றும் இதைப் படித்துவிட்டு வந்தவர்கள் இல்லையே. முதன்முதலில் பதினாறு ஜிபி நினைவகம் வாங்கிப் பூட்டியதும், தேடும் நிரலுக்கே அத்தனையையும் தூக்கிக் கொடுத்தோம். பின்னேரத்துக்குள் பெட்டி மூச்சடைத்துப் போனது. "ஆசைப்பட்டு அள்ளிக் குடுத்தம், விக்கிப் போச்சு" என்று சிரித்தீர்கள். நிரல் பாவித்துத் தள்ளும் குப்பை நினைவகத்தில் சேரும். அதைப் பெரிதாகத் துப்புரவாக்கும்போது தேடல் எல்லாம் நின்றுவிடும். கொடுத்த இடம் பெருத்தால் நிற்கும் நேரமும் பெருக்கும். "வளவு பெரிசெண்டா கூட்டுற நேரமும் பெரிசு, புள்ள" என்றீர்கள். அன்றிலிருந்து நிரலுக்கு எட்டு. மிச்சம் எட்டு, கோப்புகளைக் கைக்கெட்ட வைத்திருக்க இயங்குதளத்துக்கு.

வெள்ளம் வந்த கிழமை நீங்கள் டெங்குவோடு ஆஸ்பத்திரியில். வாவித் தண்ணீர் வீதிக்கு ஏறி, பாதிக் கடைகள் பூட்டு. தேடல் மட்டும் ஓயவில்லை. பெட்டி அடிக்கடி திணறியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எட்டுப் போதாமல் விழுந்துவிடும் என்று முடிவுகட்டினேன். இலக்கம் மாற்றும்போது ஒருவர் எழுத மற்றவர் சத்தமாக வாசிப்பது நம் வழக்கம். அன்று வாசிக்க ஆளில்லை. எட்டைப் பன்னிரண்டாக்கினேன்.

மறுநாள் மதியம் அது நின்றது. ஒரு நிமிடத்துக்கு மேல். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தானாக உயிர் வந்த சற்று நேரத்தில் உங்கள் அழைப்பு.

"எட்டுத்தானே புள்ள?"

"ஓம் ராத்தா, எட்டுத்தான்."

"சரி. சாப்பிட்டுட்டு இரு. மறுகா கோல் எடுக்கிறன்" என்றீர்கள். எடுக்கவில்லை. இரண்டாம் நாள் உங்கள் ஜனாஸாச் செய்தி வந்தது; டெங்கு உங்களைக் கொண்டுபோயிருந்தது. அன்றே இலக்கத்தை எட்டாக்கினேன்.

அதன் பிறகுதான் கேள்விப்பட்டேன், நான் பொய் சொன்ன அந்த நாளில் உங்கள் தம்பி உங்களுக்காக ஏதோ ஊசிமருந்து தேடி அலைந்தாராம். அவர் தேடியது அந்த நிமிடத்தில் என்றால்? சேர்வரின் பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடும். இத்தனை மாதமாக அதை நான் திறக்கவில்லை. தெரியாமல் இருப்பதே பாவத்தில் சின்னது என்று என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது கரடியனாறு வரை புதிய கடைகள் சேர்ந்திருக்கின்றன. நினைவகத்தைத் திருத்தாமல் இனித் தள்ள முடியாது. திருத்துவதற்கு, முன்பு எப்போது, எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்தாக வேண்டும். இன்று அந்த நாளின் பதிவைத் திறந்தேன்.

உங்கள் தம்பியின் போனிலிருந்து காலையிலேயே தேடல் வந்திருக்கிறது. உடனே விடை போயிருக்கிறது. கதிரையில் விழுந்து அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே வாசித்தேன்.

அந்த ஊமை நிமிடத்துக்குள் உங்கள் போனிலிருந்து மூன்று தேடல்கள். பனடோல். பனடோல். பனடோல். காய்ச்சல் மாத்திரையின் பெயர்; பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க நீங்கள் எப்போதும் போடும் சொல். மூன்றுக்கும் விடையில்லை. அதற்குப் பிறகுதான் என்னை அழைத்திருக்கிறீர்கள். எட்டு என்றால் பெட்டி அவ்வளவு நேரம் நிற்காது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டே கேட்டீர்கள். என் பொய்யையும் கேட்டுவிட்டு, சாப்பிடச் சொன்னீர்கள்.

கீழே போய்க் கடைக்காரரைக் கூப்பிட்டேன். "நான் எழுதுறன், நீங்க சத்தமா வாசிங்க. தனியச் செய்யப் பயமாக் கிடக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாடிக்கு வந்து பக்கத்தில் இருந்தார்.

பயம் போய்விடவில்லை ராத்தா. ஆனால் பயமாக் கிடக்கு என்ற இந்த ஒரு வரியை, எட்டை மாற்றிய அன்று உங்களிடம் சொல்லியிருந்தால், சேலைன் ஏறும் கையில் போனைப் பிடித்தபடி நீங்கள் எனக்கு இலக்கத்தை வாசித்திருப்பீர்கள்.