தண்ணீர்ப் பெயிண்ட்டுக்கு எதற்குக் கையுறை

மார்ச் 3, திங்கள்

இன்று காலை ஒன்பது மணிக்குள் இந்த மாதம் முழுவதற்குமான பாதுகாப்பு உரைகளை நிகழ்த்தி முடித்துவிட்டேன். வேறு எந்தப் பாதுகாப்பு அதிகாரிக்கும் இந்தத் திறமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

விதிப்படி தினமும் வேலை தொடங்கும் முன் நான் பத்து நிமிடம் பேச வேண்டும். கேட்டவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மேலாளர் சரிசரி (எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பார், எதையும் செய்ய மாட்டார்) இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். "டெய்லி பத்து நிமிஷம் நிக்க வச்சா பெயிண்ட் யாரும்மா அடிக்கிறது? கையெழுத்த மொத்தமா வாங்கிடுங்க." ஆகவே மாதத்தின் முதல் திங்கட்கிழமை மொத்தமாக வாங்கிவிடுவோம். பன்னிரண்டு பெயிண்டர்கள், மீதி இருபத்தைந்து வேலை நாட்கள். முந்நூறு கையெழுத்து. பாதியிலேயே ஒருவர், "கை வலிக்குது மேடம், இதுக்கு ஒரு பாதுகாப்பு உரை போடுங்க" என்றார்.

நாளுக்கு ஒரு தலைப்பு வீதம் நானே எழுதி நிரப்பினேன். அழகாகத்தான் இருக்கிறது. யாராவது உண்மையிலேயே பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 5, புதன்

நாங்கள் அடிப்பது சாதாரணப் பெயிண்ட் இல்லை, தீத்தடுப்புப் பூச்சு. புதிய கிடங்கின் இரும்புத் தூண்களுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று அடிக்கிறோம். தீப்பிடித்தால் அது நுரை மாதிரி உப்பி, இரும்பைப் போர்த்திக்கொள்ளும். ஆட்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கும். தண்ணீரில் கரைந்தது என்பதுதான் இதன் பெருமை. எங்களுக்குப் பிடித்த சனியனும் அதுதான்.

"தண்ணி பெயிண்ட்தானே!" இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேரும் முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றுக்கும் முழுக்குப் போட்டுவிட்டார்கள். தலைமை தாங்குபவர் என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். பத்தொன்பது வருடமாக ஸ்பிரே துப்பாக்கி பிடிப்பவர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. இன்று எல்லார் முன்னாலும் வாளிக்குள் கைவிட்டுக் கலக்கிக் காட்டினார்.

"பாரு, ஒண்ணும் ஆகல. நாத்தம்கூட இல்ல. இதுக்குப் போயி பதினாறு பிரிவு வச்சு ஒரு தாளு எழுதியிருக்கான். வேலை வெட்டி இல்லாதவன்."

பெயிண்ட்டோடு வரும் அந்தப் பாதுகாப்புத் தகவல் தாளின் பதினாறு பிரிவையும் படித்த ஒரே வேலை வெட்டி இல்லாதவள் நான்தான்.

மார்ச் 6, வியாழன்

கையுறைப் பெட்டி காலி. மனம் குளிர்ந்து போய் விசாரித்தேன். டீ கிளாஸ் சுடுகிறதாம், பிடித்துக்கொள்ள எடுத்தார்களாம்.

மார்ச் 10, திங்கள்

ஒரு பெயிண்டருக்கு விரலிடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருக்கிறது. சோப்பு சேரவில்லை என்கிறார். சோப்பை மாற்றினார், பிறகு சமையல் எண்ணெயை மாற்றினார். கையுறை தவிர எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். பெயிண்ட் வாளிக்குள் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு மருந்து சேர்க்கிறார்கள், சிலருக்கு அது தோலில் ஒவ்வாமை தரும், ஒருமுறை பிடித்துக்கொண்டால் பிறகு சொட்டுப் பட்டாலும் கிளம்பும் என்று சொன்னேன். "தண்ணிதானே மேடம்" என்றார்.

சரிசரியிடம் போனேன். "சரி சரி, பாப்போம்." பதிவேட்டைப் புரட்டினேன். தோல் ஒவ்வாமை பற்றி நாளைக்குத்தான் பேசப்போகிறேனாம். பன்னிரண்டு பேரும் கேட்டுக் கையெழுத்தும் போட்டாயிற்று.

எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 13, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதியம் அத்தான் சாப்பாட்டு டப்பாவைத் தொடைக்கு நடுவில் இடுக்கி ஒற்றைக் கையால் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். காட்டச் சொன்னேன். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புள்ளி, எறும்பு கடித்த மாதிரி. ரத்தம்கூட இல்லை. ஆனால் விரல் வீங்கி வெளுத்துப் போயிருந்தது.

துப்பாக்கி மூக்கு அடைத்துக்கொண்டதாம். எப்போதும் போல விரலால் துடைத்தாராம். எப்போதும் போல விசைப் பூட்டைப் போடவில்லையாம். "சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு தூண் அடிச்சிட்டேன்." அந்தத் துப்பாக்கியில் வரும் பெயிண்ட்டுக்கு வீட்டுக் குழாய்த் தண்ணீரை விடக் கிட்டத்தட்ட நூறு மடங்கு அழுத்தம். ஊசி போடுகிற மாதிரி தோலுக்குள் இறக்கிவிடும். தண்ணீர்ப் பெயிண்ட்டும் இறக்கும், எண்ணெய்ப் பெயிண்ட்டும் இறக்கும். வித்தியாசம் பார்க்காது.

துப்பாக்கியோடு மருத்துவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் அட்டை வரும். இந்த நோட்டில் அடையாளத்துக்கு அதைத்தான் வைத்திருந்தேன். நல்ல வழவழப்பான அட்டை என்று! அதை எடுத்துக்கொண்டு அவரை ஆட்டோவில் தள்ளி ஏற்றினேன்.

டாக்டர் சின்னவர். விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சின்னக் காயம்தான், கட்டுப் போடுறேன், ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார். அத்தான் என்னை வெற்றிப் பார்வை பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ. "ரெண்டு நாள்ல கையே இருக்காது டாக்டர்! உள்ள பெயிண்ட் போயிருக்கு! இந்த அட்டையப் படிங்க, படிச்சிட்டுக் கட்டுப் போடுங்க!" வரிசையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். அவர் படித்தார். இரண்டாவது முறை படித்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து பெரிய டாக்டருக்குப் போன் போட்டார்.

நான்கு மணிக்கு ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். அக்கா வந்துகொண்டிருக்கிறாள். அவளிடம் என்ன சொல்ல?

மார்ச் 14, வெள்ளி

விரலிலிருந்து உள்ளங்கை வரை வெள்ளை போயிருந்ததாம். திறந்து கழுவியிருக்கிறார்கள். நாளை மறுபடி திறப்பார்கள். கை தப்பும், விரலைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார் பெரிய டாக்டர்.

அக்கா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உன்னை எதுக்குடி அங்க வேலைக்கு வச்சிருக்காங்க?"

நேற்று முழுதும் வீராங்கனை மாதிரி எழுதியிருக்கிறேன். படித்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

விரலில் இரண்டு கணு எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 17, திங்கள்

சரிசரி ஒரு பை ஆப்பிளோடு வந்தார். அத்தானின் கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஒரு நகலை நீட்டினார். பதிவேட்டின் பன்னிரண்டாம் தேதிப் பக்கம். என் எழுத்தில் தலைப்பு: "உயர் அழுத்தத் துப்பாக்கி: மூக்கில் விரல் வைக்காதீர்." கீழே நான்காவதாக அத்தானின் கையெழுத்து. விபத்துக்கு முந்தின நாள்! தலைப்புகளை அவ்வளவு பொருத்தமாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

"நாம சொல்லிக் கொடுத்தாச்சு, அவரும் கேட்டுக் கையெழுத்துப் போட்டாச்சு. அதுக்கு மேல அவர் கவனக்குறைவு. ஆய்வு அதிகாரி வியாழக்கிழமை வர்றார். நீங்க ஆமான்னு சொன்னாப் போதும்."

"அத்தானை என்ன பண்ணுவீங்க?"

"விதிய மீறினவர எப்படிம்மா வச்சுக்கறது? உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது. சரி சரி, அழாதீங்க."

நான் அழவில்லை. அந்த ஆப்பிளை அவர் தலையில் போட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

அத்தானிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம்தான், ஆனால் என் மேல்.

"நீ வாயத் தெறக்காத. ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கும் வேலை போச்சுன்னா எப்படி? அதுவும் போக, மச்சினிச்சி பாடம் எடுக்காததால எனக்கு அடிபட்டுச்சுன்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். பத்தொன்பது வருஷ சர்வீஸு."

இரண்டு கணு போனதைத் தாங்கிக்கொள்கிறார், இதைத் தாங்க முடியாதாம். இந்த மனிதரை என்ன செய்வது?

ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு வார்த்தை. முந்நூறு பொய் எழுதியவளுக்கு இன்னொன்று பாரமா?

மார்ச் 20, வியாழன்

ஆய்வு அதிகாரி கண்ணாடி போட்ட அம்மாள். அதிகம் பேசவில்லை. சரிசரி நகலை நீட்டினார். அவர் படித்துவிட்டு என்னைக் கேட்டார், "இந்த உரை பன்னிரண்டாம் தேதி நடந்ததா?"

எழுந்துபோய் என் மேசை இழுப்பறையிலிருந்து பதிவேட்டையே எடுத்துவந்து அவர் முன் வைத்தேன். "அடுத்த பக்கங்களையும் பாருங்க மேடம்" என்றேன்.

பதினான்காம் தேதி: பெயிண்ட் தூசு. அத்தான் கையெழுத்து. அன்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். பதினைந்து: கண் பாதுகாப்பு. அத்தான் கையெழுத்து. விரல் எடுத்த நாள். அதிகாரி நிதானமாகப் புரட்டினார். இன்றைய தேதி வந்தது, நாளைய தேதி வந்தது. முப்பத்தொன்றாம் தேதி வரை பன்னிரண்டு பேரும் தவறாமல் ஆஜர்.

"இது யார் எழுத்து?"

"என்னோடது. ஒரு நாள்கூட நான் பேசல."

சரிசரி வாயில் முதல்முறையாக சரி வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

என்னை நீக்கிய கடிதம் வந்தது. காரணம்: பொய்ப் பதிவேடு எழுதியது. ஒரு வரியைக்கூட மறுக்க முடியவில்லை. சரிசரிக்கு எச்சரிக்கை. மொத்தமாக வாங்கச் சொன்னதாக எழுத்தில் எங்கும் இல்லையாம். எப்படி இருக்கும்? அந்த ஆள் எழுதியே பார்த்ததில்லை.

அத்தானை நீக்க முடியாது, வைத்தியமும் கம்பெனி பொறுப்பு என்று உத்தரவு. என்னோடு அவர் பேசுவதில்லை. மானம் போய்விட்டதாம்.

ஏப்ரல் 21, திங்கள்

அத்தான் இன்றுதான் வேலைக்குத் திரும்பினார். துப்பாக்கி இல்லை, வாளி எண்ணும் வேலை.

காலை எட்டு மணிக்கு அடுப்பில் பால் வைத்திருந்தேன். போன் அடித்தது. ஒரு மாதமாகப் பேசாத மனிதர்.

"இங்க பாரு, உன் எடத்துக்கு இன்னும் புது ஆளு போடல. ஆய்வுக்கு வந்த அந்தம்மா திரும்ப வருமாம், அதனால பத்து நிமிஷம் எல்லாரையும் நிக்க வச்சிருக்காங்க. சரிசரி முன்னால நின்னு முழிக்கிறாரு. எனக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல. போனை ஸ்பீக்கர்ல போடுறேன், நீ சொல்லு."

"எனக்கு அங்க வேலையே இல்லையே அத்தான்."

"அது தெரியும். சொல்லு."

அடுப்பை அணைத்துவிட்டுப் பேசினேன். பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது. நடுவில் இரண்டு முறை தடுமாறினேன். யாரும் சிரிக்கவில்லை. ஸ்பிரே அடிக்கையில் பறக்கிற துளி நெஞ்சுக்குள் போகாமல் இருக்க முகமூடி கட்டாயம் என்று சொல்லி முடித்தபோது, ஒருவர் அதன் வடிகட்டியை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். விசாரித்துவிட்டு நாளைக் காலை எட்டு மணிக்குச் சொல்கிறேன் என்றேன்.