தார்ப்பாய் போடாத லாரி

மாசி 20, செவ்வாய்.

அப்பாடா. ஒரு வாரமாக எனக்கும் தங்கை வனிதாவுக்கும் நடந்த சண்டை இன்று நடுரோட்டில் முடிந்தது.

நாங்கள் இருவரும் செய்கிற போன் கேமில் சுண்ணாம்புக்கல் லாரியை ஓட்ட வேண்டும். லோடில் உள்ள கல் ஒவ்வொன்றையும் வனிதா தனித்தனியாக வரைந்து, வெயிலும் நிழலும் விழ வைத்திருந்தாள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் சாதாரண போனில் போட்டால் கேம் திணறியது. பிரேக்கை அழுத்தினாலும் லாரி தாமதமாகத்தான் நின்றது. “கல்லக் கொறைடி” என்றேன். “அப்ப வரையறதுக்கு வேற ஆளப் பாத்துக்க” என்றாள். நிஜமாகவே விட்டுவிடுவாளோ என்று பயம்.

மாலையில் அரியலூர் டவுனிலிருந்து வண்டியில் திரும்பும்போது, சிமெண்ட் ஆலைக்குப் போகிற, தார்ப்பாய் போட்டு மூடிய லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டோம். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வனிதா என் தோளைத் தட்டினாள்.

“அக்கா, நம்ம லாரிக்குத் தார்ப்பாயே போடலக்கா!”

பிறந்ததிலிருந்து இந்த லாரிகளுக்கு வழிவிட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். மூடிய லோடில் கல் எங்கே தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அவளே கல்லையெல்லாம் எடுத்துவிட்டுத் தார்ப்பாயை வரைந்தாள். அம்மாவின் பழைய போனில் ஓட்டிப் பார்த்தேன். அழுத்தியதும் நின்றது.

இப்போதுதான் கவனிக்கிறேன். தார்ப்பாயின் ஓரத்தில் ஒரே ஒரு கல் எட்டிப் பார்க்கிறது, வெயிலும் நிழலுமாக.

இருந்துவிட்டுப் போகட்டும்.