எலும்புக்குக் கட்டிய சாரம்

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் சொதப்பல். எலும்பில் இருக்கும் ஓட்டைக்குள் எங்கள் ஜெலட்டின் ஜெல்லை ஊற்றி நீல விளக்கைக் காட்டினால், அது இறுகி, புது எலும்பு பற்றி வளரச் சாரமாக நிற்கவேண்டும். மேலே ஜோராக இறுகுகிறது. அடியில்? துறைத்தலைவர் ஊசியால் குத்திப் பார்த்தார். "மேல கல்லு, உள்ள கொழகொழ. இந்த மாசத்துக்குள்ள சரியாகலன்னா முயல் சோதனை கிடையாதும்மா. வேற வேலைய பாப்போம்," என்றார்.

வேற வேலையா? இத்தனை வருஷமாக இந்த ஜெல்லோடுதான் குடும்பம் நடத்துகிறேன்!

மார்ச் 6

விளக்கைக் கூட்டி வைத்தேன். அடிவரை இறுகியது. குதித்தேன். அப்புறம் பார்த்தால், எலும்பை வளர்க்க ஜெல்லுக்குள் கலந்திருந்த செல்கள் சூட்டில் செத்துக் கிடந்தன. கால் வலிதான் மிச்சம்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வீட்டில் சாப்பாடு. அவள் பல் டாக்டர். "என்னக்கா, பல்லு புடுங்க வந்த பேஷன்ட் மாதிரி உக்காந்திருக்க?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள்!

"ஒரேயடியா ஊத்தி லைட் காட்டுனியா? ஐயோ அக்கா! பல்லு அடைக்கறப்ப நாங்க அப்படிச் செஞ்சா எங்க சார் திட்டித் தீத்துடுவாரு. கொஞ்சம் வச்சு லைட்டு, அது மேல கொஞ்சம் வச்சு லைட்டு. அப்படித்தான் அடைப்போம்."

எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் பாலிமர் படித்தவர்கள். ஒருத்தராவது அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்திருக்கவேண்டாமா? கோபம் கோபமாக வந்தது — யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கிளம்பும்போது அவளைக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 11

மங்கலான விளக்கு, மெல்லிய அடுக்குகள். அடிவரை கெட்டி. செல்கள் உயிரோடு!

மார்ச் 12

தலைவர் குத்தினார். திருப்பிப்போட்டுக் குத்தினார். "ம்," என்றார். அவருடைய "ம்" மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டுவதற்குச் சமம். முயல் சோதனை உண்டு. கட்டுரையில் தங்கை பெயரும் போகும் என்று அவரிடம் சொன்னேன். அனுமதி கேட்கவில்லை, சொன்னேன்.

ஜூலை 3

முயல் எலும்பிலிருந்து வெட்டிய மெல்லிய சீவலை எலும்பு டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் துழாவினார்.

"உங்க ஜெல்லக் காணோமேம்மா. மொத்தமும் எலும்பாத்தான் இருக்கு."

எலும்பு வளர வளரச் சாரம் கரைந்து வழிவிட்டிருக்கிறது. நாங்கள் தவம் கிடந்தது இதற்குத்தான். பெருமை தாங்கவில்லை, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

வராந்தாவுக்கு ஓடித் தங்கைக்குப் போன் போட்டேன். "நான் செஞ்சதெல்லாம் காணாமப் போச்சுடி!" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் வேறு. அந்தப் பக்கம் போன ஒருவர் நின்று, ஆறுதலாக ஏதோ சொல்லவந்தார்.