திறக்காத நாளுக்கு ஓர் அன்னதானம்

தொண்டைமானாறு,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகள் சுவர்ணாவுக்கு,

சந்நிதி முருகன் துணையில் நானும் அம்மாவும் தம்பி பிரவீணனும் நல்ல சுகம். உன் சுகத்தை நான் கேட்டு அறிவதில்லை, குரலிலேயே தெரிந்துவிடும், போன ஞாயிற்றுக்கிழமை போனில் வந்தது சுகமான குரல் இல்லை. "அப்பா, நான் செய்தது பிழையோ?" என்று நீ கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பறித்து நீ என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். தம்பி இதைப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்புவான், ஆனாலும் தாளைத் தபாலிலும் போடுவேன், அது உன் கையில் இருக்க வேண்டும்.

அம்மாவின் முழங்காலுக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்து தந்து நடையைக் குறைக்கச் சொன்னார்கள், மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். தம்பிக்குக் கொக்குவிலில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் இப்போதும் இடைக்கிடை ஐஸ் பாக்டரிக்குப் போய் மெசினைப் பார்க்கிறேன், ஓய்வு பெற்றவன் வீட்டில் இருந்தால் அம்மாவுக்குத்தான் கரைச்சல். அங்கே என்னோடு வேலை செய்த சந்தியோகுவுக்கு உன்னைப் பற்றித்தான் பெரிய ஆராய்ச்சி. "கொரியாவுக்குப் போறவை எல்லாம் கம்பனி வேலைக்கெல்லோ போறவை, உன்ரை மகள் அங்கை கடல் தண்ணியோடை என்ன செய்யிறாள்?" என்று கேட்டான். கடல் தண்ணீரில் பற்றரி செய்கிறாள் என்றேன். "கடலுக்குள்ளை கரண்ட் கிடக்கெண்டால் எனக்கேன் மாசாமாசம் பில் வருது?" என்றான். கரண்ட் இருக்கும்போது நாங்கள் ஐஸ் போட்டு வைக்கிறோம், கரண்ட் நின்ற பிறகும் மீன் கெடாமல் இருக்கிறது, அதுபோல அவள் காற்றாடி சுற்றி வருகிற கரண்டைக் கடல் உப்பில் போட்டு வைக்கிறாள் என்று விளங்கப்படுத்தினேன். பிழை என்றால் நீ திருத்து, ஆனால் அவனுக்குச் சொல்லாதே.

மற்றதையும் நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். மின்சாரம் ஏற்றும்போது கடல்நீரில் உள்ள சோடியம் ஒரு பீங்கான் தகட்டைக் கடந்து உள்ளே போய்ச் சேருகிறது, திரும்பி வெளியே வரும்போது மின்சாரம் தருகிறது. அந்தத் தகடு சோடியத்தை விடும், தண்ணீரை விடாது. அதை இன்னும் மெல்லிசாகச் செய்தால் மின்சாரம் சுறுக்காக ஏறி இறங்கும் என்று கண்டு, அதற்காகவே இத்தனை வருடம் மினக்கெட்டவள் நீ. உன் தகட்டைப் போட்டு, ஓர் ஊருக்கே விளக்கெரிக்கிற அளவில் துறைமுகத்தில் பற்றரி கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு மந்திரிமார், டிவிக்காரர் எல்லாம் வர இருந்தார்கள். வெளியே செய்வித்து எடுத்த புதுத் தகடுகளில் ஒன்றில் மயிரளவு கீறலைக் கண்டுவிட்டு, எல்லாவற்றையும் கழற்றிச் சோதிக்காமல் தண்ணீர் விட வேண்டாம் என்று சபையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னாய். விழா நின்றது. உன்னைக் குழுவிலிருந்து விலக்கி ஒரு மேசை வேலையில் இருத்திவிட்டார்கள். அவசரப்பட்டுப் பேசிவிட்டேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்ப்பார்களாம். சோடியத்தில் தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்று தம்பி யூடியூபில் காட்டினான். கடுகளவு துண்டு சட்டித் தண்ணீரில் சீறிக்கொண்டு ஓடி வெடிக்கிறது. உங்கள் பற்றரி வீட்டளவு என்றான். நான் எழும்பிப் போய்க் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றேன்.

உனக்குச் சொல்லாத ஒரு விசயம் இருக்கிறது. விழா நாளுக்கென்று சந்நிதி மடத்தில் அன்னதானம் சொல்லி வைத்திருந்தேன். விழா நின்ற செய்தி வந்ததும் அம்மா, "திறக்கிற நாளுக்கு மாத்துவம்" என்றார். நான் மாட்டேன் என்று, சொன்ன நாளிலேயே கொடுத்தேன். மடத்தில் பொறுப்பானவர் என்ன விசேசம் என்று கேட்டார். "என்ரை மகள் எல்லாருக்கும் முன்னாலை வேண்டாம் எண்டு சொன்னவள், அதுக்குத்தான்" என்றேன். அவர் பாவம், கலியாணப் பேச்சு என்று நினைத்து, வேறு நல்ல இடம் சரிவரும் என்று என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். பிறகு பந்தி காத்திருக்க, கையில் அகப்பையோடு நின்று முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா பிள்ளை, நீ பட்டம் வாங்கிய நாளில்கூட நெஞ்சு இப்படி நிமிரவில்லை. சந்தியோகு மாதா கோயில்காரன், என்றாலும் பூசணிக்காய் வெட்ட விடியவே வந்திருந்தான். அவன் கேட்டான், "சோதிச்சுப் பாத்துக் கீறல் வேறை ஒண்டிலையும் இல்லையெண்டு வந்தால் பிள்ளைக்கு வெக்கமெல்லோ?" என்று. இல்லையென்றால் நல்லது, எல்லோரும் சிரித்துக்கொண்டு வேலையைத் தொடங்கட்டும் என்றேன். அவன் என் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டு போய்ச் சோறு பரிமாறினான்.

இனி நீ கேட்டதற்குப் பதில். நீ செய்தது பிழை இல்லை. அந்தக் கடிதத்தை எழுதாதே. உன் வாய் என்னுடைய வாய், அது எனக்குத் தெரியும், சத்தம் போட்டிருந்தால் சத்தத்துக்கு மன்னிப்புக் கேள், சொன்னதற்குக் கேட்காதே. வேலையை விட்டு அனுப்பினால் டிக்கெட்டைப் போட்டுக்கொண்டு வா, கீறலைக் கண்டுபிடிக்கிற கண் எங்கே போனாலும் உன்னோடுதான் வரும். அம்மாவின் முடிவும் இதுதான், அழுதார், ஆனால் முடிவு இதுதான்.

வெள்ளிக்கிழமை நேரத்துக்குச் சாப்பிட்டு, விபூதி பூசிக்கொண்டு போ. குளிருக்குக் காதை மூடு. முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம். அந்தப் பற்றரிக்குப் பக்கத்தில் வேலைக்கு நிற்கிற பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு உன் பெயர் தெரியாது, அன்றைக்கு உன் கண்ணை நம்பித்தான் தங்கள் பிள்ளையை வேலைக்கு அனுப்பினார்கள் என்பதும் தெரியாது. பிள்ளை பின்னேரம் வீட்டுக்கு வந்தான், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன், நன்றி மகள்.

இப்படிக்கு,
உன் பெயரைச் சொல்லி ஊரெல்லாம் திரிகிற அப்பா,
முத்துக்குமாரு.